பெடலை முழுக்க மிதித்தும் திறக்காத நைட்ரஸ்

டிரக்கில் நைட்ரஸ் (இன்ஜினின் சக்தியைக் கூட்டும் வாயு அமைப்பு) மாட்டி, டேஷ்போர்டில் ஆர்மிங் சுவிட்ச் (அதைத் தயார்நிலையில் வைக்கும் சுவிட்ச்) வைத்தேன். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சோலனாய்டுகள் (மின்சாரத்தில் திறக்கும் வால்வுகள்) திறக்கவில்லை. நான்கு நாள் வீணாய்ப் போனது.

சோலனாய்டுகளுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன். ரிலேயின் 86-ஆம் முனைக்கு ஆர்மிங் சுவிட்சின் 12 வோல்ட், 85-க்கு த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) முழுதாகத் திறந்தால் மட்டும் இணையும் மைக்ரோசுவிட்ச் வழியாக எர்த், 30-க்கு பேட்டரி, 87-லிருந்து சோலனாய்டுகள். வயரிங் சரிதான். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டியும் பலனில்லை.

குழப்பியது இதுதான்: பானெட்டைத் திறந்து த்ராட்டிலைக் கையால் இழுத்தால் ரிலே 'டக்' என்று அடிக்கும். (இந்தச் சோதனைக்கு இன்ஜின் அணைந்து, நைட்ரஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும்.) கடைசியில் நண்பரை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு த்ராட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாகத் திறக்கவில்லை, கடைசியில் கொஞ்சம் பாக்கி. பெடலுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட்! கையால் இழுக்கும்போது கேபிள் தொய்ந்துவிடும், பெடல் அசையவே அசையாது. அதனால்தான் மேட் கண்ணில் படவில்லை.

மேட்டை எடுத்தேன். கேபிள் தொய்வைச் சரிசெய்தேன். நண்பர் பெடலை மிதித்தபடி இருக்க, மைக்ரோசுவிட்ச் பிராக்கெட்டை நகர்த்தி இறுக்கினேன். இப்போது மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலே அடிக்கிறது. அப்பாடா!