பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறாரா?

லேசான மறதி தொடங்கிய பெரியவரோடு நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறாரா? இப்படி நிற்பவர்கள் பின்னாளில் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-லேயே சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நடப்பதற்குக் கால் மட்டும் போதாது, கவனமும் வேண்டும். அது குறைந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடிவதில்லை.

நடந்துகொண்டே பேசுவதையே படிப்படியாகப் பயிற்சியாக்கலாம். முதலில், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரட்டும், 5 முதல் 10 தடவை. முடிந்தால் கை ஊன்றாமல். அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 விநாடி நிற்கட்டும். சில வாரம் பழகியபின், சமதரையில் நடந்தபடியே கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். அல்லது காய்கறிப் பெயர்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பரீட்சையா நடக்கிறது? நீங்கள் அரையடி பின்னால், பக்கவாட்டில் கூடவே போங்கள். நடை தள்ளாடினால் கேள்வியை விட்டுவிடுங்கள்.

சாலையைக் கடக்கும்போதும் படி இறங்கும்போதும் மட்டும் வாயே திறக்காதீர்கள், போனையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே விழுந்திருந்தாலோ, எழுந்ததும் தலைசுற்றினாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.