பத்திரம் அண்ணன் பீரோவில் இருந்தாலும் பாக வழக்குக்கு ஆவணங்களைத் திரட்டுவது எப்படி?

"பத்திரமெல்லாம் அண்ணன்கிட்ட இருக்கு. கேட்டா குடுக்க மாட்டேங்கிறார். கையில ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாம எப்படிக் கேஸ் போடுறது?"

தாத்தா சொத்தில் பாகம் கேட்க அம்மா பல வருஷம் தயங்கியதற்கு இதுதான் காரணம். கடைசியில் வழக்குப் போட்டபோது மாமா வீட்டிலிருந்து ஒரு காகிதமும் வரவில்லை. தேவைப்பட்ட அத்தனையும் அரசு அலுவலகங்களிலிருந்தே கிடைத்தது. தமிழ்நாட்டில் அவற்றை எந்த வரிசையில், எங்கே கேட்டு வாங்குவது என்பதை நாங்கள் அலைந்து கற்றபடி சொல்கிறேன். பங்குக் கணக்கு பற்றிக் கீழே சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. மற்றவர்களுக்கு அவரவர் சட்டம் உண்டு. ஆவணம் எடுக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.

படி 1: ஒரு தாளில் குடும்பமும் நிலமும்

தாத்தா, பாட்டி, பிள்ளைகள், இறந்தவர்கள், இறந்த தேதி எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். பெயர்கள் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் குறியுங்கள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருக்கும். பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்து கிராமம், வட்டம், சர்வே எண். எண் தெரியாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரிடம் அவருடைய எண்ணைக் கேளுங்கள். விஏஓ அலுவலகத்துக் கிராம வரைபடத்தில் அந்த எண்ணை ஒட்டி உங்கள் நிலம் இருக்கும். வீடு என்றால் பழைய வீட்டு வரி ரசீது உதவும்.

படி 2: வருவாய்த் துறை ஆவணங்கள்

சர்வே எண் கிடைத்ததும் தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் பட்டா-சிட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள நில விவரப் பதிவேடு), எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடம் மூன்றையும் எடுத்துவிடலாம். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். பட்டா என்பது உரிமைப் பத்திரம் ஆகாது. அவர் பெயர் பட்டாவில் ஏறியதாலேயே உங்கள் பங்கு போய்விடாது.

ஆனால் அந்தப் பெயர் எப்போது, எதை வைத்து ஏறியது என்பது முக்கியம். 1979 முதல் 1987 வரை நடந்த, நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யுடிஆர் திட்டத்தில் பல ஊர்களில் அப்போது வீட்டில் இருந்த மூத்தவர் பெயரையே எழுதிவிட்டார்கள். அதனால் தாலுகா அலுவலகத்தில் யுடிஆர் அ-பதிவேட்டின் நகலையும், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய சர்வே எண்ணுக்கும் இப்போதைய உட்பிரிவுக்கும் உள்ள தொடர்பும் அதில் தெரியும். நகரத்துச் சொத்து என்றால் வார்டு, பிளாக் எண்ணோடு நகர நில அளவைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

படி 3: வில்லங்கச் சான்று

ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரத்தை வீட்டில் இருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய பத்திரங்கள் தப்பிவிடும். பழைய எண்ணுக்கும் தனியாகத் தேடுங்கள். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்தையும் விடக்கூடாது.

எங்கள் வில்லங்கத்தில் நிலத்துக்கு வந்தது ஒரே ஒரு பதிவுதான். எழுதிக் கொடுத்தவர் மாமா, எழுதி வாங்கியவர் அவர் மகன், தன்மை தானசெட்டில்மென்ட். முழு நிலத்தையும் மகனுக்கு எழுதி வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவே இல்லை. ஆனால் அதே பதிவில், கைமாற்றுத் தொகைக்குப் பக்கத்தில், 'முந்தைய ஆவண எண்' என்று ஓர் எண்ணும் 1962 என்ற வருஷமும் இருந்தன. வழக்கு நின்றதே அந்த எண்ணால்தான். மகன் பெயருக்கு நிலம் போயிருக்கிறது என்று தெரிந்ததால் அவரையும் பிரதிவாதியாகச் சேர்த்தோம். இல்லாவிட்டால் தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்ற ஆட்சேபணை வந்திருக்கும்.

படி 4: பத்திரத்தின் சான்றிட்ட நகல்

அசல் யார் பீரோவில் பூட்டியிருந்தாலும், பதிவான பத்திரத்தின் முழு நகல் சார்பதிவகத்தின் 1-ஆம் புத்தகத்தில் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் அதன் நகலைக் கேட்கலாம். அண்ணனின் சம்மதம் தேவையில்லை. ஆவண எண், வருஷம், சார்பதிவகம் மூன்றும் தெரிந்தால் போதும்.

1962 பத்திரத்தின் நகல் வந்த பிறகுதான் அது தாத்தா தன் பணத்தில் கிரயம் வாங்கிய நிலம் என்று தெரிந்தது. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பூர்வீகச் சொத்து என்றால் 6-ஆம் பிரிவு வரும். 2005-இல் வந்த திருத்தம் மகளையும் பிறப்பிலேயே பங்காளி ஆக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ நடந்த பாகப்பிரிவினையை அது தொடாது.

"அப்பவே வாய்மொழியாப் பிரிச்சுக்கிட்டோம்" என்ற பேச்சு எல்லா வழக்கிலும் வரும். வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: வாய்மொழிப் பாகத்தை ஏற்பது விதிவிலக்கான நிலையில் மட்டுமே, அதற்கும் பொது ஆவணங்களின் ஆதாரம் வேண்டும். அவர்கள் சொல்லும் வருஷத்துக்கு அப்புறமும் பட்டா தாத்தா பெயரிலேயே கூட்டாக நீடித்திருந்தால், அந்தப் பேச்சு நிற்பது கஷ்டம். படி 2-இல் பழைய பதிவேடுகளை எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

உயில் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். உயில் பதிவாவது 3-ஆம் புத்தகத்தில், அதனால் அது வில்லங்கத்தில் வராது. எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் பதிவான உயிலின் நகல் கிடைக்கும். தாத்தா பெயரில் உயில் உண்டா என்று அவர் வாழ்ந்த ஊர்ச் சார்பதிவகத்தில் தேடச் சொல்லிவிடுங்கள். வழக்கு பாதி நடந்த பிறகு எதிர்த் தரப்பு அதை நீட்டி நீங்கள் திகைப்பதைவிட இது நல்லது.

படி 5: இறப்பும் வாரிசும்

இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இறப்பு பதிவாகவே இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும். வாரிசுச் சான்று இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் போகும். யாராவது ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அதற்காக வழக்கை நிறுத்தி வைக்க வேண்டாம். உறவுமுறையைச் சாட்சியத்தாலும் காட்டலாம்.

படி 6: கொடுக்க மறுத்தால் ஆர்டிஐ

தாலுகா அலுவலகத்தில் "பழைய ரிஜிஸ்டர் கிடைக்கலை, அடுத்த வாரம் வாங்க" என்று எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அப்புறம்தான் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டோம். 10 ரூபாய்க் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏன் பட்டா மாற்றினீர்கள்?" என்று கேள்வியாகக் கேட்காமல் ஆவணமாகக் கேளுங்கள். இப்படி:

"இன்ன கிராமம், இன்ன புல எண்ணுக்குப் பட்டா மாறுதல் செய்யப்பட்ட கோப்பில் உள்ள மனு, விசாரணை அறிக்கை, உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள்."

30 நாளில் பதில் வரவில்லை அல்லது பதில் சரியில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பத்திர நகலுக்கு மட்டும் ஆர்டிஐ போடாதீர்கள். அதற்குப் பதிவுத் துறையிலேயே தனி மனு இருக்கிறது.

படி 7: நீதிமன்றம் வழியாக

வாதி தன் ஆவணங்களைப் பிராதோடு (வழக்கு மனுவோடு) சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. பிறகு கொண்டுவருவதற்கு நீதிமன்ற அனுமதி தேவை. அதனால்தான் முதலில் ஆவணம், அப்புறம் வழக்கு என்று சொல்கிறேன்.

அலுவலகத்தில் மட்டும் இருக்கும் அசல் பதிவேடு வேண்டுமானால், அதைக் கொண்டுவரச் சொல்லி அந்த அதிகாரிக்குச் சம்மன் அனுப்பும்படி உங்கள் வக்கீல் மனு போடலாம். சான்றிட்ட நகல் ஏன் போதாது என்பதை மனுவில் விளக்க வேண்டும். உங்கள் பெயரில் நீங்கள் போடாத கையெழுத்தோடு ஒரு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) கிளம்பினால் இந்த வழி கட்டாயம் தேவைப்படும், ஏனென்றால் சார்பதிவகத்தின் கைரேகைப் பதிவேட்டை வரவழைத்தால்தான் ரேகையை ஒப்பிட முடியும். எதிர்த் தரப்பின் கையில் இருக்கும் அசலைத் தாக்கல் செய்யச் சொல்லியும் மனு போடலாம். குடும்பத்தில் பழைய வழக்கு ஏதாவது நடந்திருந்தால் அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் எடுத்துவிடுங்கள்.

நகல் வாங்கும்போது ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்ற சான்று, தேதி, அதிகாரியின் கையொப்பம், பதவி, முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 75, 76-ஆம் பிரிவுகள்படி, பொது ஆவணத்தை நிரூபிக்க அப்படிப்பட்ட நகல் போதும். வெறும் ஜெராக்ஸ் போதாது.

வீட்டுக்கு வந்ததும் தேதி வரிசையில் கோப்பில் வையுங்கள். வக்கீலுக்கும் எதிர்த் தரப்புக்கும் ஜெராக்ஸ் எடுங்கள். சான்றிட்ட நகலில் பேனாவால் அடிக்கோடு போடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சாட்சி விசாரணையின்போது அந்தத் தாளின் மேலேயே எண் போட்டு, முத்திரை வைத்துக் கையெழுத்திடுவார்கள்.