ஓய்வுக்காலச் சேமிப்பில் கிரிப்டோ: வேலூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு
காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகள் உண்டு. அங்கே ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில், பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தின் விலையைப் பின்தொடரும் இடிஎஃப் (பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வாங்கலாம். பிட்காயினையே நேரடியாக வாங்கி வைத்திருக்கும் ஸ்பாட் இடிஎஃப்-களுக்கு அங்கே 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. கணக்குக்கு ஐந்து வருடம் முடிந்து, 59½ வயதுக்குப் பின் எடுத்தால் லாபத்துக்கு அந்த நாட்டில் வருமான வரி கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு, "நாமும் என்பிஎஸ்ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கிரிப்டோ போடலாமா?" என்று நினைக்காதீர்கள். முடியாது. என்பிஎஸ், பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இரண்டிலும் கிரிப்டோவுக்கு இடமே இல்லை. சேர்த்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும், தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் கிரிப்டோவைத் தனியாக வாங்கி விற்றால் லாபத்தில் 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வரியை (டிடிஎஸ்) மட்டும் வருமான வரிக் கணக்கு தாக்கலில், கட்ட வேண்டிய வரியிலிருந்து மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.