பெங்களூரில் ஸ்கூபா முக்குளிப்போர் எத்தனை பேர்? மதிப்பிடும் முறை

பெங்களூர் கடலில்லாத ஊர். ஆனாலும் அக்டோபர் பிறந்து மேற்குக் கடல் தெளிந்துவிட்டால், வெள்ளிக்கிழமை இரவுகளில் கர்நாடகக் கடற்கரை ஊரான முருடேஸ்வர் செல்லும் பேருந்துகளில் முகக்கண்ணாடியும் துடுப்புக் காலணியும் அடைத்த பைகளோடு ஏறுகிறவர்களைக் காணலாம். ஊர்ப்பக்கம் போகிற நம்மவர்கள் சிலர் வழியில் புதுச்சேரியில் முக்குளித்துவிட்டுப் போகிறார்கள். இவர்களில் தொடர்ந்து முக்குளிப்போர் எத்தனை பேர் என்று கேட்டால் பயிற்சி நிலையத்தார் ஒரு தொகை சொல்வார். வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர் வேறொரு தொகை சொல்வார். ஸ்கூபா சான்றிதழ் தனியார் பயிற்சி அமைப்புகள் தருவது, அரசு உரிமம் அன்று. ஆகவே புரட்டிப் பார்த்து எண்ணிவிட ஒரே பதிவேடு கிடையாது, மதிப்பிடத்தான் வேண்டும்.

இந்த எண்ணிக்கையை நான் முக்கியமாகக் கருதுவது பாதுகாப்பை முன்னிட்டுத்தான். ஓராண்டில் இரண்டு விபத்துகள் நேர்ந்தன என்ற செய்திக்கு, ஐந்நூறு பேர் முக்குளிக்கும் ஊரில் ஒரு பொருள், ஐயாயிரம் பேர் முக்குளிக்கும் ஊரில் வேறு பொருள். 2000 முதல் 2006 வரையிலான காலத்தில், முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் அமெரிக்க உறுப்பினர்களிடையே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 16 இறப்புகள் என்றும், பிரிட்டனின் முக்குளிப்புச் சங்கமான பிரிட்டிஷ் சப் அக்வா கிளப் உறுப்பினர்களிடையே ஏறத்தாழ 14 என்றும் கணக்கிட முடிந்தது. அங்கே உறுப்பினர் பட்டியல் இருந்ததால் வகுக்கும் எண் கையில் இருந்தது. நம்மிடம் அது இல்லாதவரை, இந்த விளையாட்டு ஆபத்தானது என்பாரும் ஆபத்தே இல்லை என்பாரும் அவரவர் மனப்போக்கைத்தான் சொல்கிறார்கள்.

முதல் வேலை, யாரை எண்ணப் போகிறோம் என்பதை எழுத்தில் வரையறுப்பது. அந்தமானில் தேனிலவுக்குப் போன இடத்தில் பயிற்றுநர் கையைப் பிடித்தபடி ஒரே ஒருமுறை இறங்கியவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓப்பன் வாட்டர் எனும் முதல்நிலைச் சான்றிதழ் வாங்கிப் பிறகு கடல் பக்கமே போகாதவர், ஆண்டுக்கு ஒருமுறை முருடேஸ்வர் அருகிலுள்ள நேத்ராணித் தீவுக்குப் போகிறவர், சொந்த ரெகுலேட்டர் (டேங்கின் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வைத்திருப்பவர் ஆகிய எல்லோரும் பேச்சுவழக்கில் ‘டைவிங் பண்ணுகிறவர்கள்’தான். என் பரிந்துரை இது: பெங்களூரில் வசிக்க வேண்டும், சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் ஒருமுறையாவது கடலில் ஸ்கூபா முறையில் இறங்கியிருக்க வேண்டும். அடிக்கடி போகிறவர்களைத் தனியாகக் காட்ட விரும்பினால் அதற்கும் ஒரு கோடு கிழிக்கலாம். அமெரிக்காவில் விளையாட்டுத் தொழில் சங்கம் நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு 8 முறையோ அதற்கு மேலோ இறங்குவோரைத் தனி வகுப்பாக வைக்கிறார்கள். கோடு எங்கே விழுகிறது என்பதைவிட, நடுவழியில் அதை நகர்த்தாமல் இருப்பதே முக்கியம்.

சான்றிதழ்த் தொகையை ஆட்களின் தொகையாகக் கொள்வதுதான் இத்துறையில் பரவலான பிழை. பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பு 1967 முதல் 2.8 கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை வழங்கியிருக்கிறது. ஆனால் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ என்று படிப்படியாக முடித்த ஒருவர் அதில் மூன்றாக நிற்பார். விட்டுவிட்டவரும் இறந்துபோனவரும் அதிலேயே இருப்பார்கள். அதே வேளையில் எஸ்எஸ்ஐ, நாவி போன்ற பிற அமைப்புகளில் பயின்றோர் அதில் இல்லை. உலகம் முழுவதும் இன்று முக்குளிப்போர் 60 லட்சம் வரை இருக்கலாம் என்பது முக்குளிப்புக் கருவித் தொழிலின் வணிகச் சங்கமான டிமாவின் மதிப்பீடு. இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்தாலே சான்றிதழ்க் குவியலின் மேல் ஏன் கணக்கைக் கட்டக் கூடாது என்பது விளங்கும்.

சான்றிதழ் பயன்படும் இடம் ஒன்று உண்டு. நீச்சல்குளப் பயிற்சியைப் பெங்களூரிலேயே முடிக்கும் வழக்கம் இருப்பதால், ஆண்டுதோறும் எத்தனை பேர் முதன்முறையாக ஓப்பன் வாட்டர் பெறுகிறார்கள் என்பதை மட்டும் நிலையங்களிடம் கேட்டுப் பெறலாம். எடுத்துக்காட்டாக ஆண்டுக்கு 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப் பேர் ஒவ்வோர் ஆண்டும் விட்டுவிடுவார்களானால் எந்த நேரத்திலும் சுமார் 600 பேர் இருப்பார்கள். பத்தில் எட்டுப் பேர் தொடர்வார்களானால் 1,500. ஒன்பது பேர் தொடர்வார்களானால் 3,000. தொடரும் விகிதத்தில் சிறிய மாற்றம் விடையைப் பன்மடங்காக்குகிறது என்பதால், அதை ஊகமாக விட்டுவிடக் கூடாது. உண்மையில் பெரிய உதிர்வு முதல் ஆண்டிலேயே நடப்பது இயல்பு. முதல் ஆண்டுக்குப் பின் 100 பேரில் 40 பேரே தொடர்ந்து, அதன்பின் ஆண்டுக்கு 80 விழுக்காடு தங்கினால், மேற்சொன்ன 300 பேர் 900 பேராகத்தான் நிற்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பயின்றோரில் ஐம்பது பேரைக் குலுக்கலாகத் தேர்ந்து தொலைபேசியில் அழைத்தால் இந்த விகிதம் ஓரளவு பிடிபடும். எடுக்காதவர்களை விடாமல் மீண்டும் அழைக்க வேண்டும், ஏனெனில் ஆர்வம் போனவர்களே அழைப்பைத் தவிர்க்கிறார்கள்.

இனிப் படகுப் பக்கத்திலிருந்து எண்ணும் முறை. நேத்ராணித் தீவு முருடேஸ்வர் கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அங்கே முக்குளிப்பு நடப்பதில்லை. மீதிப் பருவத்தை வாரநாள், வார இறுதி, தொடர் விடுமுறை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில நாள்களைக் குலுக்கலாகத் தேர்ந்து, அந்நாள்களில் படகேறுவோரை எண்ண வேண்டும். இவர்களில் கணிசமானோர் முதன்முறை அனுபவத்துக்காக வருகிறவர்கள். அவர்களைத் தனியே குறித்துக்கொள்க. எண்ணியதைச் சரிபார்க்கக் காலி டேங்குகள் உதவும்: சான்றிதழ் பெற்றவர் ஒரு பயணத்தில் வழக்கமாக இரண்டு டேங்குகள் பயன்படுத்துவார், பயிற்றுநர்களின் டேங்குகளையும் முதன்முறையாக இறங்குவோரின் டேங்குகளையும் கழித்துவிட வேண்டும்.

இவ்வாறு கிடைப்பது பயணங்களின் தொகை. அதை ஆட்களாக மாற்றும் இடத்தில் நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களும் வழுக்குகிறார்கள் என்பதால் சற்று நின்று பார்ப்போம். ஊரில் 100 பேர் முக்குளிக்கிறார்கள், அவர்களில் 80 பேர் பருவத்துக்கு ஒருமுறையும் 20 பேர் நான்கு முறையும் போகிறார்கள் என்று கொள்க. மொத்தப் பயணங்கள் 160. படகில் ஏறி ‘இந்தப் பருவத்தில் எத்தனை முறை?’ என்று கேட்டால், பாதிப் பயணங்களில் ஒன்று என்றும் பாதியில் நான்கு என்றும் விடை வரும், சராசரி இரண்டரை. 160 ஐ இரண்டரையால் வகுத்தால் 64 பேர்தான் வருகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. அடிக்கடி வருகிறவர் நம் கண்ணில் அடிக்கடி படுகிறார் என்பதே காரணம். ஆகவே விடைகளைச் சராசரி எடுக்காமல், ஒருமுறை என்றவரை ஒன்றாகவும் நான்குமுறை என்றவரைக் கால் பங்காகவும் கூட்ட வேண்டும்: 80 ஒன்றுகள், 80 கால்கள், சேர்த்தால் சரியாக 100. எந்தப் படகுத்துறையில் எண்ணுகிறோமோ அந்தத் துறைக்கு வந்த முறைகளை மட்டுமே இந்தக் கேள்வியில் கேட்க வேண்டும். அவர் அந்தமானில் இறங்கியதை இங்கே கலக்கக் கூடாது.

மூன்றாவது வழி இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது. குளத்து மீன்களை எண்ணுவோர் பிடித்தவற்றில் அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுமுறை பிடிக்கும்போது அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள், அதே கணக்குதான். நகரிலுள்ள நிலையங்களில் பயிற்சியைப் புதுப்பித்துக்கொண்டோர் 120 பேர், படகுப் பட்டியலில் பெங்களூர்க்காரர்கள் 90 பேர், இரண்டிலும் இருப்போர் 27 பேர் என்றால், 120 ஐ 90 ஆல் பெருக்கி 27 ஆல் வகுக்க 400 வருகிறது. பெயர்களை யாரும் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டும் போதும். ஆனால் பயிற்சியைப் புதுப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் அடுத்து நேத்ராணி போகத்தான் புதுப்பிக்கிறார்கள். அதனால் பொதுவானவர்கள் இயல்பைவிடக் கூடுதலாக இருப்பார்கள், விடை குறைந்துவிடும். இந்த 400 ஐ அடித்தளமாகக் கொள்ளலாம். கூரையாகக் கொள்ளக் கூடாது.

அலுவலகங்களிலும் அடுக்ககங்களிலும் படிவம் சுற்றவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆயிரத்தில் ஒருவர் செய்யும் செயலைப் பத்தாயிரம் பேரிடம் கேட்டால் உண்மையானவர் பத்துப் பேர்; இருநூறில் ஒருவர் தவறாக ‘ஆம்’ என்று குறித்தாலும் ஐம்பது போலி விடைகள் சேர்ந்துவிடும். நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாயால் மூச்சுவிட்டு ஸ்நார்கலிங் செய்தவரும், தலைக்கவசம் மாட்டிக் கடலடியில் நடந்தவரும் நல்லெண்ணத்தோடுதான் ‘ஆம்’ என்பார்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், கடைசியாக எங்கே, எந்த மாதம், எத்தனை மீட்டர் ஆழம் என்றும் கேளுங்கள். முக்குளிப்பவர் தம் லாக் புக்கையோ (முக்குளிப்புக் குறிப்பேடு), ஆழத்தைப் பதியும் கைக் கணினியையோ பார்த்து உடனே சொல்லிவிடுவார்.

மூன்று வழிகளும் மூன்று விடைகள் தரும். அவற்றின் சராசரியை எடுத்து ஒற்றை எண்ணாக வெளியிடுவது நேர்மையன்று. எந்த வழி எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லி, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் வரையறையோடும் காலத்தோடும் சேர்த்தே எழுதுங்கள். புதுச்சேரிக்கு மட்டுமே போகும் தமிழர்கள் நேத்ராணிக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால், அங்குள்ள நிலையங்களிடமும் பெங்களூர் முகவரி தந்தோர் எத்தனை பேர் என்று கேட்பது அவசியம். இந்த விசாரணைகளை எல்லாம் ஜூன் மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது: முடிந்த பருவம் எல்லோருக்கும் நினைவிருக்கும், மேற்குக் கரையில் படகுகள் கரையேறிவிட்டதால் பயிற்றுநர்களுக்கும் உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் இருக்கும்.