எட்ஜ் ஏஐ கருவிகளில் பேட்டரியைத் தின்னும் தவறுகள்

சின்னக் கருவிக்குள்ளேயே ஏஐ (இதுதான் எட்ஜ் ஏஐ) வைக்க நினைப்பவர்கள் சிப்பின் விவரத்தாளில் முதலில் தேடுவது, ஒரு வாட்டுக்கு எத்தனை டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள்) என்ற எண்ணைத்தான். அது பொய்யில்லை. ஆனால் சிப்பில் இருக்கும் பெருக்கிகள் (எண்களைப் பெருக்கும் சுற்றுகள்) அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் கிடைக்கும் எண் அது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட மொபைல்நெட் என்ற படம் பார்க்கும் மாடல், படத்தரவின் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியே வடிகட்டும் டெப்த்வைஸ் கன்வல்யூஷன் மூலம் கணக்குகளின் எண்ணிக்கையை நன்றாகவே குறைத்தது. பெரிய மேட்ரிக்ஸ் பெருக்கலுக்காகக் கட்டிய சிப்பில் அதே அடுக்குகளை (மாடலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கணக்குப் படிகளை) ஓட்டினால், பெருக்கிகளில் பெரும்பகுதி சும்மா இருக்கும். அதனால் உங்கள் மாடலையே அந்தச் சிப்பில் ஓட்டி, ஒரு முடிவுக்கு எத்தனை மைக்ரோஜூல் ஆகிறது என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கணக்குக்கு ஆகும் செலவை மட்டும் பார்ப்பது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் 45 நானோமீட்டர் சிப்புக்குக் காட்டிய அளவுகளைப் பாருங்கள். 32-பிட் ஃப்ளோட் (தசம எண்) பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல் (ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோஜூல்), 8-பிட் முழு எண் பெருக்கலுக்கு வெறும் 0.2. சிப்புக்கு வெளியே இருக்கும் டி-ரேம் நினைவகத்திலிருந்து 32 பிட் எடுத்துவர 600-க்கு மேல்! அதில் நான்கு 8-பிட் எடைகள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) வருகின்றன என்றாலும், ஓர் எடையைக் கொண்டுவரும் செலவு அதைப் பெருக்கும் செலவைப் போல 700 மடங்கைத் தாண்டுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே ரொம்பக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

ஆகவே எடைகள் முழுவதும் சிப்புக்குள்ளேயே அடங்குமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எடைகள் அடங்கினால் மட்டும் போதாது. ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைநிலைத் தரவுக்கும் இடம் வேண்டும். படம் பார்க்கும் மாடல்களில் இது முதல் சில அடுக்குகளில்தான் உச்சம் தொடும். அங்கே இடம் போதாமல் வெளி நினைவகத்துக்குப் போனால், 8-பிட்டுக்கு மாறி மிச்சம் பிடித்ததெல்லாம் வீண். கணக்கு குறையட்டும் என்று எடைகளில் பாதியைப் பூஜ்யமாக்கிவிட்டேன் என்று சந்தோஷப்படுவதும் இப்படித்தான்: பூஜ்யத்தைத் தாண்டிப் போகத் தெரிந்த வன்பொருள் இல்லையென்றால், பூஜ்யத்தையும் அது எடுத்துவந்து பெருக்கிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், சும்மா இருக்கும் நேரம். சிஆர்2032 பட்டன் பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு வருடம் ஓட வேண்டுமானால் சராசரி மின்னோட்டம் 25 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. மலிவான போர்டுகளில் எங்கும் காணப்படும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிப்), எந்த வேலையும் செய்யாமலே சுமார் 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். அந்தக் கணக்கில் இந்தப் பேட்டரி இரண்டு நாள் தாங்காது. எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் மைக் அரை மில்லி ஆம்பியர் எடுத்தால் 18 நாள். நியூரல் நெட்வொர்க் இன்னும் கணக்கிலேயே வரவில்லை! சத்தம் கேட்டால் மட்டும் மற்றதை எழுப்பும் ஒரு சிறு சுற்றை முன்னால் வைக்காத வடிவமைப்பில், உள்ளே எவ்வளவு நல்ல சிப் இருந்தும் பயனில்லை.

கடிகார வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் என்பதும் பாதி உண்மைதான். மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தால் நல்ல லாபம், ஏனென்றால் ஒவ்வொரு கணக்குக்கும் ஆகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். வேகத்தை மட்டும் குறைத்தால் வேலை நீளும், கசிவு மின்னோட்டமும் (கணக்கு நடக்காவிட்டாலும் சிப்பில் ஒழுகும் மின்சாரம்) அவ்வளவு நேரம் ஓடும். பல நேரங்களில் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்குவதே மலிவு.

ஆனால் சட்டென்று முடிக்கும்போது மின்னோட்டம் எகிறும். பட்டன் பேட்டரியின் உள் தடை அதிகம், குளிரிலும் வயதாக ஆகவும் இன்னும் கூடும். மின்னழுத்தம் சரிந்து, கணக்கு நடுவிலேயே சிப் ரீசெட் ஆகிவிடும். அந்தத் திடீர்த் தேவைக்கு மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரைப் பக்கத்தில் போதிய அளவில் வையுங்கள். பாதி தீர்ந்த பேட்டரியிலும் சோதியுங்கள், புதுப் பேட்டரியில் இந்தக் கோளாறு தலைகாட்டாது.