டிலன் வெளியிடாமல் வைத்திருந்த பாட்டுகள்: எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ஆல்பங்களை ஓரளவு கேட்டு முடித்தவர்களுக்கு அடுத்ததாக ஒரு பித்துப் பிடிக்கும். ஆல்பத்தில் சேராத பாட்டுகள் எவை, சேர்ந்த பாட்டுகளுக்கு வேறு டேக் (ஒரே பாட்டை ஸ்டூடியோவில் பாடிப் பதியும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) இருக்கிறதா என்று தேடத் தொடங்குவார்கள். எங்கள் சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கும் பையன்கள் இருவர் இப்போது அந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்து வைக்காதீர்கள். டிலனின் ரெகார்டு நிறுவனமான கொலம்பியா, அவர் வெளியிடாத பதிவுகளுக்காக 1991-இல் தொடங்கிய ‘பூட்லெக் சீரீஸ்’ வரிசை இப்போது பதினைந்து தொகுதிகளைத் தாண்டிவிட்டது. சில தொகுதிகளுக்கு ஆறு சிடி, சிலவற்றுக்கு அதற்கும் மேல். வரிசையாக முதல் தொகுதியிலிருந்து போனால் மூன்றாவது வாரமே அலுத்துவிடும். ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, அது எப்படி உருவானது என்று கடைசிவரை பின்தொடருங்கள். நான் சொல்லும் வழி இதுதான்.

முதல் பாட்டாக ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ சரியாக இருக்கும். 1965 ஜூன் 15, 16 தேதிகளில் நியூயார்க்கில் பதிவானது. மொத்தம் 20 டேக். 2015-இல் வந்த 12-ஆம் தொகுதியின் 6 சிடி பதிப்பில், மூன்றாவது சிடி முழுக்க இந்த ஒரு பாட்டுதான். பட்டியலில் சில டேக்குகளுக்குப் பக்கத்தில் ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’ என்றிருக்கும். தொடங்கியதுமே நின்றது என்று பொருள். ‘பிரேக்டவுன்’ என்றால் பாதியில் சிதறியது. அவற்றைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் பாட்டு வால்ட்ஸ் தாளத்தில், மூன்று எண்ணிக்கையில் தள்ளாடிக்கொண்டு போகும். கேட்டால் இதுவா அந்தப் பாட்டு என்று தோன்றும். மறுநாள் நாலு எண்ணிக்கைக்கு மாறுகிறது. அன்று அல் கூப்பர் என்ற இளைஞர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கிட்டார் வாசிப்பவர், ஆனால் அன்று டிலனுக்குக் கிட்டார் வாசித்த மைக் புளூம்ஃபீல்டு வாசிப்பதைக் கேட்டதும் தன் கிட்டாரை எடுத்து வைத்துவிட்டார். பிறகு ஆர்கன் காலியாக இருப்பதைப் பார்த்து அதில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஆர்கன் ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஒரு துளி தாமதித்தே வரும். மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்து வாசிக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தயக்கம்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சத்தம்.

இரண்டாம் நாளின் நாலாவது டேக்தான் ரெகார்டாக வெளிவந்தது. ஆனால் அது கையில் கிடைத்துவிட்டது என்று அவர்களுக்கு அப்போது தெரியவில்லை. இன்னும் பதினொரு முறை முயன்றார்கள். பெரும்பாலானவை பாதியிலேயே நிற்கும். நாலாவதைக் கேட்டுவிட்டு உடனே இந்தப் பதினொன்றையும் கேளுங்கள். “அண்ணே, இதுவும் அதே பாட்டுதானே?” என்று பையன்களில் ஒருவன் கேட்டான். அதே பாட்டுதான். முதல் முறை டிரம்ஸை மட்டும் கவனி, அடுத்த முறை ஆர்கனை, அப்புறம் குரலை என்று சொல்லிக்கொடுத்தேன். சொற்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அந்த சிடியின் முடிவில் நாலாவது டேக்கின் வாத்தியங்களைப் பிரித்தும் கொடுத்திருக்கிறார்கள். கிட்டார் வாசிப்பவர்களுக்கு அது சொத்து.

இரண்டாவதாக, முழுசாக இரண்டு முறை முடிவெடுத்த ஓர் ஆல்பத்தைக் கேட்கலாம். ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவாகி, சோதனை ரெகார்டுகளும் அடித்தாகிவிட்டது. டிசம்பர் கடைசியில் டிலன் மனசு மாறி, மினியாபொலிஸில் உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்து ஐந்து பாட்டுகளைத் திரும்பப் பதிந்தார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் அவர்கள் பெயர் அதில் வரவில்லை. அடுத்த மாதமே ஆல்பம் கடைக்கு வந்தது. நியூயார்க் டேக்குகள் எல்லாம் 2018-இல் 14-ஆம் தொகுதியாக வெளிவந்தன.

இங்கே ‘டேங்கிள்ட் அப் இன் புளூ’வின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்துப் போடுங்கள். நியூயார்க்கில் கதை ‘அவன்’ என்று தொடங்கும், மினியாபொலிஸில் ‘நான்’. ஸ்ருதியும் மேலே போயிருக்கும். கையில் கிட்டார் இருந்தால் ஓபன் ஈ டியூனிங்கில் (விரல் வைக்காமல் மீட்டினாலே ஈ கார்டு வரும்படி தந்திகளை வைப்பது) நியூயார்க் டேக்கோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள், ஏன் அது அவ்வளவு தனிமையாக ஒலிக்கிறது என்று விரலுக்கே புரியும். இன்னொன்று: ஆல்பத்தில் மிஞ்சிய நியூயார்க் பாட்டுகளில் பலவற்றை டிலன் கேட்டுக்கொண்டபடி இரண்டு மூன்று சதவீதம் வேகம் கூட்டியிருந்தார்கள். 14-ஆம் தொகுதியில் அவை பழைய வேகத்திலேயே இருக்கின்றன. ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது கிட்டார் ஒட்டாமல் போனால் உங்கள் டியூனரைத் திட்டாதீர்கள்.

ரசிகர்களில் பாதிப் பேர் நியூயார்க் வடிவம்தான் உசத்தி என்பார்கள். என்னைக் கேட்டால் ‘டேங்கிள்ட்’ விஷயத்தில் டிலன் மாற்றியது சரி, ‘இடியட் விண்ட்’ விஷயத்தில் தப்பு. மினியாபொலிஸில் கோபம் வந்துவிட்டது, நியூயார்க்கில் இருந்த துக்கம் போய்விட்டது. ஒளித்து வைத்ததெல்லாம் வெளிவந்ததைவிடச் சிறந்தது என்று நம்பிக்கொண்டு கேட்கத் தொடங்கினால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் ஆல்பத்தில் உள்ள டேக்கே நல்லதாக இருக்கும்.

இதற்குப் பெரிய விதிவிலக்கு ‘பிளைண்ட் வில்லி மெக்டெல்’. 1983-இல் ‘இன்ஃபிடல்ஸ்’ ஆல்பத்துக்காகப் பதிந்தது. டிலன் பியானோ, மார்க் நாஃப்ளர் கிட்டார், வேறு யாரும் இல்லை. இதை எடுத்துவிட்டு ஆல்பத்தை வெளியிட்டார்கள். முறைப்படி வெளிவர 1991 ஆயிற்று. இசைக்குழுவோடு பதிந்த வடிவம் 2021-இல் 16-ஆம் தொகுதியில் வந்தது. அதையும் கேளுங்கள், பியானோ வடிவத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

கடைசியாக ‘பேஸ்மெண்ட் டேப்ஸ்’. 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு ஒதுங்கியிருந்த டிலன், மறு வருஷம், பிற்பாடு ‘த பேண்ட்’ என்ற இசைக்குழுவாக ஆன நண்பர்களோடு உட்ஸ்டாக் பக்கத்தில் வீட்டிலேயே பாடிப் பதிந்தவை இவை. அவற்றில் சில 1969-இல் வெறும் வெள்ளை அட்டையில், பெயர்கூட அச்சிடாமல், லாஸ் ஏஞ்சலஸில் திருட்டு ரெகார்டாக விற்பனைக்கு வந்தன. ராக் இசையில் பூட்லெக் வியாபாரம் சூடு பிடித்தது அதிலிருந்துதான். 1975-இல் வந்த அதிகாரபூர்வ இரட்டை ஆல்பத்தில் பிற்பாடு வாத்தியங்கள் சேர்த்திருக்கிறார்கள், அதை நம்பி எடை போட வேண்டாம். 2014-இல் வந்த 11-ஆம் தொகுதியின் முழுப் பதிப்பை எடுங்கள், ஆறு சிடி. ஆறாவதில் ஒலித்தரம் மோசமான டேப்புகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை இயர்போனில் கேட்காதீர்கள், தலை வலிக்கும். சாதாரண ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் போதும்.