தபாஸ் பாரில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள்

சின்னச் சின்னத் தட்டுகளில் வருவதைப் பகிர்ந்து சாப்பிடும் ஸ்பானிய தபாஸ் பாருக்கு நண்பர்களோடு போனால், உட்கார்ந்ததும் மெனுவில் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். பொதுவாக எது முதலில் தயாராகிறதோ அதுதான் முதலில் மேசைக்கு வரும். பத்துத் தட்டு ஒன்றாக வந்து இறங்கினால் வைக்கவே இடமிருக்காது. பேச்சு சுவாரஸ்யத்தில் குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டையும் ஆறிப்போய்விடும். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே வெள்ளை சாஸ் சூடாகக் குழையும்போது சாப்பிடுவதில்தான் அதன் ருசியே இருக்கிறது.

நாலு பேர் என்றால் முதல் சுற்றுக்கு நாலைந்து தட்டு போதும். ஆலிவ், தக்காளி தேய்த்த ரொட்டி மாதிரி சீக்கிரம் வருபவை இரண்டு, சூடாக இரண்டு. சாப்பிட்டுப் பார்த்து அடுத்த சுற்றைச் சொல்லுங்கள். பூண்டு இறால் வரப்போகிறது என்றால் ரொட்டியில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அடியில் நிற்கும் அந்த ஆலிவ் எண்ணெயைத் தொட்டுச் சாப்பிடாமல் திருப்பி அனுப்ப மனசே வராது!

அப்புறம் அளவு. ஸ்பெயினில் பல இடங்களில் ஒரே பதார்த்தம் தபா, மெதியா ராசியோன், ராசியோன் என்று சிறிதிலிருந்து பெரிதாகக் கிடைக்கும். புதுமையாகச் சமைக்கும் இடங்களில் பெயரை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. தட்டுக்கு எத்தனை துண்டு என்று பரிமாறுபவரிடமே கேட்டுவிடுங்கள். ஐந்து பேருக்கு மூன்று துண்டு வந்தால் சங்கடம்தான்.

யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் ஆர்டருக்கு முன்பே சொல்லுங்கள். உதாரணமாக, ரொமெஸ்கோ சாஸில் பாதாமோ ஹேசல் கொட்டையோ அரைத்திருப்பார்கள், பார்த்தால் தெரியாது. பில்லைச் சமமாகப் பிரிக்கலாம், ஆனால் மது குடிக்காதவர் தலையில் அந்தக் கணக்கைக் கட்டாதீர்கள்.